மைக் கேப்சூல் வாங்குவது, வடிவமைப்பை நகலெடுப்பது: புதிதாக இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கண்டென்சர் மைக் ஒன்றைச் சொந்தமாகச் செய்ய ஆசைப்படுவோர் பெரும்பாலும் சுற்றுப்படத்திலிருந்து தொடங்குகிறார்கள். தொடக்கமே அங்கேதான் கோணலாகிறது. 1960களில் வந்த புகழ்பெற்ற மைக்குகளின் சுற்றுப்படங்கள் தேடினால் சில நிமிடங்களில் கைக்கு வந்துவிடும். அவற்றிலுள்ள மின்தடைகளும் மின்தேக்கிகளும் சுலபமாகக் கிடைப்பவை. ஆனால் அந்தச் சுற்று எந்தக் கேப்சூலை, அதாவது ஒலியை வாங்கி மின் சமிக்ஞையாக்கும் உறுப்பை, மனத்தில் வைத்து வரையப்பட்டதோ, அது படத்தின் ஓரத்தில் ஒரு சிறு வட்டக் குறியாக மட்டுமே இருக்கும். மைக்கின் குணத்தில் பெரும்பங்கு அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது.

மலிவு மைக்குகள் பல காதைக் குத்துவதற்கு அவை நகல் என்பது காரணமல்ல. ஒருவருடைய கேப்சூலையும் இன்னொருவருடைய சுற்றையும் எடுத்து ஒட்டியதுதான் காரணம். நகலெடுப்பதென்றால் முழுதாக எடுக்க வேண்டும். இல்லையென்றால் எங்கே, ஏன் விலகுகிறோம் என்று தெரிந்து விலக வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது, வந்ததை எப்படிச் சோதிப்பது, அடுத்தவர் வடிவமைப்பில் எதை எடுக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் வேலையைத் தீர்மானியுங்கள்

வேலை மூன்று வகைப்படும். பழுதான மைக்குக்கு மாற்றுக் கேப்சூல் தேடுவது ஒன்று. கையிலுள்ள மலிவு மைக்கை மேம்படுத்துவது இன்னொன்று. வெறும் பலகையிலிருந்து புதிதாகச் செய்வது மூன்றாவது.

பழுது பார்ப்பதென்றால் உங்களுக்குத் தேர்வு செய்யும் உரிமை கிடையாது. அந்த மைக்கில் எது இருந்ததோ அதையே தேட வேண்டும். ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் (காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட) மைக்குக்கு நிறுவனமே ஆர்59 என்ற பெயரில் மாற்று உறுப்பை விற்கிறது, எஸ்எம்57-க்கு ஆர்57. அதை வாங்கிப் பொருத்திவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். நியூமன் போன்ற நிறுவனங்களின் விலை உயர்ந்த கண்டென்சர் மைக்கை நிறுவனத்தின் சேவைப் பிரிவுக்கு அனுப்புவதே நல்லது. ஆர்வக்கோளாறில் அவற்றைத் திறந்து பழகாதீர்கள். இனி வரும் பகுதிகள் மற்ற இரண்டு வேலைகளுக்கும் உரியவை.

கேப்சூலும் சுற்றும் ஒரே ஜோடி

கண்டென்சர் கேப்சூலின் கட்டமைப்பு எளியது. துளைகள் இடப்பட்ட உலோகப் பின்தகடு, அதற்கு மிக நெருக்கமாக இழுத்துக் கட்டிய மெல்லிய சவ்வு, இரண்டுக்கும் நடுவே காற்று. சவ்வு பெரும்பாலும் தங்கம் பூசிய மைலார். ஆறு மைக்ரான் தடிமன் என்பது பரவலான அளவு; தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அமைப்பு ஒரு மின்தேக்கி. சவ்வு அசையும்போது அதன் கொள்திறன் மாறுகிறது. மேலே ஒரு நிலையான மின்னழுத்தம் கொடுத்து வைத்திருந்தால் அந்த மாற்றம் மின் சமிக்ஞையாக வெளியே வருகிறது. 1916-ல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கில் ஈ. சி. வென்ட் உருவாக்கியபோது இருந்த தத்துவம்தான் இன்றும். பின்தகட்டுத் துளைகளின் ஆழமும் எண்ணிக்கையும், சவ்வின் இழுவிசை, இடைவெளி ஆகிய நுணுக்கங்களே ஒரு கேப்சூலை இன்னொன்றிலிருந்து பிரிக்கின்றன. இவை எந்தச் சுற்றுப்படத்திலும் இருப்பதில்லை.

அரைகுறை நகலுக்குப் பாடப்புத்தக உதாரணம் நியூமனின் கே67. 1960-ல் வந்த யூ67 மைக்குக்காகச் செய்யப்பட்ட கேப்சூல் அது. உயர் அதிர்வெண்களை வேண்டுமென்றே தூக்கித் தரும். அந்த உயர்வை யூ67-இன் சுற்று எதிர்ப் பின்னூட்டத்தின் மூலம், அதாவது வெளியீட்டில் ஒரு பகுதியை எதிராகத் திருப்பி உள்ளே அனுப்பி, திரும்பக் கீழே இறக்குகிறது. ஏற்றியதை இறக்கும்போது வால்வின் (பெருக்கும் வெற்றிடக் குழாயின்) இரைச்சலும் சேர்ந்து குறைகிறது என்பது அதில் உள்ள சூட்சுமம். 1967-ல் வந்த யூ87-லும் இதே ஏற்பாடுதான். ஏற்றமும் இறக்கமும் சேர்ந்தால்தான் நாம் கேட்டுப் பழகிய ஒலி வரும்.

பிற்காலத்தில் மலிவு மைக் செய்தவர்கள் கே67 வகைக் கேப்சூலை எடுத்துக்கொண்டு, அதை ஷோப்ஸ் என்ற ஜெர்மன் மைக் நிறுவனத்தின் பாணியிலான எளிய, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத சுற்றில் பொருத்தினார்கள். அந்தச் சுற்றில் தவறு எதுவும் இல்லை, அற்புதமான சுற்று. ஆனால் அது உள்ளே வருவதை அப்படியே வெளியே அனுப்பும். ஏற்றியதை இறக்க அங்கே ஆள் இல்லை. விளைவு: பாடகர் ‘ஸ’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் காதில் ஊசி. இதை வாங்கியவர்கள் கேப்சூல் மட்டம் என்று முடிவுகட்டி விலை உயர்ந்த இன்னொரு கே67 வகையை வாங்கி மாட்டுகிறார்கள். ஊசி கொஞ்சம் பளபளப்பாகிறது, அவ்வளவுதான்.

இதற்குத் தீர்வு இரண்டு. ஒன்று, கே67 வகையை வைத்துக்கொண்டு சுற்றில் அந்த இறக்கத்தைச் சேர்ப்பது. இரண்டு, சுற்றை அப்படியே விட்டுவிட்டுக் கேப்சூலை மாற்றுவது. நியூமன் யூ47 மைக்கின் கே47 வகையோ, ஏகேஜி நிறுவனத்தின் சி12 மைக்கிலுள்ள சிகே12 வகையோ இந்த மாதிரி நேர்ச் சுற்றுகளோடு நன்றாக ஒத்துப்போகும். ஏனென்றால் யூ47-லும் ஏகேஜியின் சி12-லும் அப்படிப்பட்ட இறக்கும் ஏற்பாடு இல்லை. கேப்சூலின் ஒலியே மைக்கின் ஒலி. புதியவர்களுக்கு இரண்டாவது வழியையே சொல்வேன். ஒரு மின்தேக்கியை எங்கே சேர்ப்பது என்று யோசித்துப் பலகையைக் கிளறுவதைவிட அது பாதுகாப்பானது.

பெயரைப் பார்த்து மயங்காதீர்கள்

கடைகளில் ‘கே47’, ‘கே67’, ‘சிகே12’ என்று போட்டு விற்கப்படுபவை பெரும்பாலும் அந்த நிறுவனங்கள் செய்தவை அல்ல. கட்டமைப்பின் குடும்பப் பெயராகத்தான் அவற்றைப் பார்க்க வேண்டும். ‘வகை’ என்ற சொல்லைச் சேர்த்துச் சொல்லும் விற்பனையாளர் நாணயமானவர். அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு அசல் போலப் பேசுபவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

குடும்பத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணே போதும். சவ்வின் நடுவில் ஒரு திருகும் அதிலிருந்து கம்பியும் தெரிந்தால் அது நியூமன் பரம்பரை: எம்7, கே47, கே67 எல்லாம் அப்படித்தான். நடுவில் எதுவும் இல்லாமல், கம்பி ஓரத்து வளையத்திலிருந்து வந்தால் ஏகேஜி சிகே12 பரம்பரை. நடுத் திருகு உள்ளவற்றில் கே47-க்கும் கே67-க்கும் வேறுபாடு உள்ளே இருக்கிறது. கே47-இல் இரண்டு சவ்வுகளுக்கும் பொதுவாக ஒரே பின்தகடு. அதனால் மூன்று கம்பிகள். கே67 குடும்பத்தில் முதுகோடு முதுகாக வைத்த இரண்டு தகடுகள். யூ87-இல் உள்ள கே87-இல் அந்தத் தகடுகள் ஒன்றையொன்று தொடாமல் மின்காப்போடு இருக்கும், நான்கு கம்பிகள். யூ87 சுற்று அந்தப் பிரிவை நம்பியே இயங்குகிறது. கே47 வகையை வாங்கி யூ87 நகலில் அப்படியே மாட்ட முடியாது என்பதற்கு இதுவே காரணம். எத்தனை கம்பி என்று கேட்காமல் பணம் கட்டுபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இன்னொரு பொறி: மைக்கின் பெயர் மாறாமலே கேப்சூல் மாறியிருக்கும். யூ47 தொடக்கத்தில் பிவிசி சவ்வு கொண்ட எம்7-ஓடு வந்தது. பின்னால் மைலார் சவ்வு கொண்ட கே47 வந்தது. ஏகேஜி சி414-இல் முதலில் பித்தளைச் சிகே12 இருந்தது; பிறகு பிளாஸ்டிக் உடல் கொண்ட வேறொரு கேப்சூல் அந்த இடத்தைப் பிடித்தது. ‘சி414 போல ஒலிக்கும்’ என்று ஒருவர் எழுதினால், எந்தச் சி414 என்று கேட்பது நியாயமான கேள்விதான். பிவிசி சவ்வு காலப்போக்கில் விறைத்துப் போவது. பழைய எம்7 ஒன்று கிடைத்ததென்று துள்ளிக் குதிப்பதற்கு முன் சவ்வு எப்போது மாற்றப்பட்டது என்று விசாரியுங்கள்.

முதல் மைக்கை எலெக்ட்ரெட்டில் செய்யுங்கள்

பெரிய சவ்வு, வெளிமின்னழுத்தம் என்று நேரே இறங்க வேண்டாம். 1962-ல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் உருவாக்கிய எலெக்ட்ரெட்டில் மின்னூட்டம் பொருளுக்குள்ளேயே நிலையாகப் பதிந்திருக்கும். வெளியிலிருந்து உயர் மின்னழுத்தம் தர வேண்டியதில்லை. கெட்டுப்போனாலும் பையைக் காலி செய்யாது.

சிறிய வகைகளில் ஜப்பானின் ப்ரைமோ நிறுவனத்தின் இஎம்172, இஎம்272 ஆகியவை இரைச்சல் குறைவுக்குப் பெயர் பெற்றவை. இரண்டும் எல்லாத் திசையிலும் கேட்பவை. இவற்றுக்குள் ஜெஃபெட் (சமிக்ஞையை வலுவாக்கி வெளியே அனுப்பும் ஒரு சிறு டிரான்சிஸ்டர்) இருக்கிறது. சில வோல்ட்டும் ஒரு மின்தடையும் போதும், சமிக்ஞை வந்துவிடும். சற்றுப் பெரிய மைக் வேண்டுமென்றால் ஜேஎல்ஐ-2555 என்று விற்கப்படும் 25 மில்லிமீட்டர் எலெக்ட்ரெட் இருக்கிறது. ஒருதிசைக் கேப்சூல், உள்ளே ஜெஃபெட் கிடையாது. இதை வைத்துச் செய்வதற்கென்றே ‘ஆலிஸ்’ என்ற பெயரில் ஒரு சிறு சுற்று பலராலும் பயன்படுத்தப்படுகிறது. கேப்சூலை நேரடியாகக் கையாளும் அனுபவம் இதில் கிடைக்கும். தவறினால் இழப்பும் சிறிது.

பானாசோனிக் டபிள்யூஎம்-61ஏ பற்றி ஒரு எச்சரிக்கை. ஆறு மில்லிமீட்டர் அகலமுள்ள இந்தச் சின்னஞ்சிறு கேப்சூல் ஒருகாலத்தில் அளவீட்டு மைக் செய்வோரின் செல்லப்பிள்ளை. பானாசோனிக் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆனாலும் அதே பெயரில் மூட்டை மூட்டையாக இன்னும் விற்பனையாகிறது. ஒலியைப் பதிவு செய்ய அவை உதவலாம். அளவீட்டுக்கு நம்ப வேண்டாம்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

கேப்சூலின் விட்டம், தடிமன், பொருத்தும் துளைகளின் இடைவெளி. 32, 34 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவுகள் புழங்குகின்றன; மில்லிமீட்டர் இரண்டு என்றாலும் தாங்கியில் உட்காராது. விட்டம் என்று சொல்வது சவ்வையா, வெளி வளையத்தையா என்பதையும் கேளுங்கள்.

எத்தனை வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டது என்பது அடுத்த கேள்வி. பெரிய கேப்சூல்களுக்கு 60 வோல்ட் பரவலானது. உணர்திறன் இந்த மின்னழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் மாறும்: 47-லிருந்து 60-க்கு ஏற்றினால் சுமார் இரண்டு டெசிபெல் கூடும். அளவுக்கு மீறினால் சவ்வு ஈர்க்கப்பட்டுப் பின்தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். மறுபக்கம், ஃபான்டம் (மிக்ஸர் மைக் கம்பி வழியாகவே தரும் மின்சாரம்) 48 வோல்ட் என்பதற்காக உங்கள் கேப்சூலுக்கு 48 கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். ஃபான்டம் இரண்டு 6.8 கிலோஓம் மின்தடைகள் வழியாக வருகிறது. இணையாகச் சேர்ந்தால் 3.4 கிலோஓம். மைக் மூன்று மில்லிஆம்பியர் இழுத்தால் அதிலேயே பத்து வோல்ட் போய்விடும். மிச்சம் 38. கேப்சூல் மந்தமாக இருக்கிறது என்ற புகார்களில் ஒரு பகுதி இந்தக் கணக்கைப் போடாததால் வருவது.

மூன்றாவதாக, அதிர்வெண் வரைபடம். உங்களுக்கு அனுப்பப்போகும் அதே கேப்சூலுக்கு அளந்ததா, விளம்பரத்துக்கு வரைந்ததா? எந்தத் தொலைவில் அளந்தார்கள்? ஒருதிசை மைக்கை நெருக்கத்தில் வைத்து அளந்தால் தாழ் அதிர்வெண்கள் வீங்கித் தெரியும். வழுவழுவென்று ஒரு மேடு பள்ளம்கூட இல்லாத கோட்டைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். நிஜக் கேப்சூலின் வரைபடம் கொஞ்சம் நடுங்கும்.

எலெக்ட்ரெட் என்றால் இரைச்சல் அளவைப் பாருங்கள். சிலர் சமிக்ஞை–இரைச்சல் விகிதத்தை மட்டும் தருவார்கள். அந்த விகிதம் 94 டெசிபெல் ஒலியை வைத்துச் சொல்லப்படுவது, எனவே 94-லிருந்து அதைக் கழியுங்கள். கிடைப்பது மைக்கின் சொந்த இரைச்சல். 80 என்று எழுதியிருந்தால் 14 டெசிபெல், அது நல்ல மைக். 60 என்றால் 34; பேச்சைப் பதியலாம், மெல்லிய வீணை மீட்டலைப் பதிய முடியாது.

ஸ்டீரியோ ஜோடி வேண்டுமென்றால் ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து கேளுங்கள். அதற்கும் முன் ஒன்றே ஒன்றை வாங்கிப் பாருங்கள். நல்ல விற்பனையாளர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பெட்டி வந்ததும்

கையைக் கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். கேப்சூலை வளையத்தின் விளிம்பில் மட்டும் பிடியுங்கள். சவ்வின் மேல் விரல் படக்கூடாது, தூசி தெரிந்தால் வாயால் ஊதக்கூடாது. மூச்சில் ஈரம் இருக்கிறது, சில சமயம் எச்சிலும்.

ஒரு சிறு டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகச் சவ்வைப் பாருங்கள். ஒளி மேலிருந்து விழுந்தால் எல்லாச் சவ்வும் அழகாகவே தெரியும். பக்கவாட்டில் விழும்போதுதான் குட்டு உடையும். நல்ல சவ்வில் ஒளி ஒரே சீராக வழுக்கிச் செல்லும். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய சுருக்கக் கோடுகள் தெரிந்தால் இழுவிசை சரியில்லை. தங்கப் பூச்சு விளிம்பு வரை போகாமல் ஒரு வளைய இடைவெளி விட்டு நிற்க வேண்டும். அந்த இடைவெளிதான் மின்காப்பு. அங்கே ஒரு உலோகத் துகள் கிடந்தால்கூடப் பின்னால் படபடவென்று சத்தம் வரும். சுற்றிலும் உள்ள திருகுகளைப் பாருங்கள்: ஒன்றின் தலை மட்டும் சிதைந்திருந்தால் யாரோ ஏற்கெனவே திறந்திருக்கிறார்கள்.

அடுத்து, கொள்திறன் அளவி. கம்பிகளைக் குட்டையாக வைத்து, கேப்சூல் இல்லாமல் ஒருமுறை அளந்து அந்த அளவைக் கழித்துவிடுங்கள். இல்லையென்றால் கம்பியின் கொள்திறனையும் சேர்த்து அளப்பீர்கள். பெரிய கேப்சூலில் ஒவ்வொரு பக்கமும் சில பத்துப் பிக்கோஃபேரட் காட்டும். தனி எண்ணைவிட இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறதா என்பதே முக்கியம். முன்புறம் 60, பின்புறம் 62 என்றால் நிம்மதி. 45-ம் 70-ம் என்றால் திருப்பி அனுப்புங்கள். மின்காப்பைச் சோதிக்கிறேன் என்று உயர் மின்னழுத்தக் கருவியை மட்டும் இணைத்துவிடாதீர்கள். சவ்வு அங்கேயே தன் வாழ்வை முடித்துக்கொள்ளும்.

சிறிய எலெக்ட்ரெட்டில் எது தரை முனை என்பதே புதியவர்களின் முதல் குழப்பம். கேப்சூலைத் திருப்பிப் பின்புறம் பாருங்கள். இரண்டு சால்டர் திட்டுகள் இருக்கும். அவற்றில் ஒன்றிலிருந்து மெல்லிய செம்புக் கோடுகள் ஓடி உலோகக் கூட்டைத் தொடும். அதுவே தரை. கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் மல்டிமீட்டரின் ஒலி எழுப்பும் நிலையில் கூட்டையும் திட்டையும் தொட்டுப் பாருங்கள்.

பொருத்துதல்

கேப்சூலிலிருந்து வரும் கம்பி தொடும் இடம்தான் மைக்கிலேயே மிக மென்மையான இடம். அங்கே பெரும்பாலும் ஒரு ஜிகாஓம் மின்தடை இருக்கும். ஏன் அவ்வளவு பெரிது? கேப்சூல் 50 பிக்கோஃபேரட் என்றால், ஒரு ஜிகாஓமுடன் சேர்ந்து சுமார் மூன்று ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும்; காதுக்கு எட்டாத ஆழம், கவலையில்லை. அதே இடத்தில் கிடைத்ததே போதும் என்று 100 மெகாஓம் போட்டால் வெட்டு 32 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். மின்தடையின் இரைச்சலும் காதில் விழத் தொடங்கும்.

இத்தனை பெரிய மின்தடைக்கு இணையாக உங்கள் விரல் ரேகையின் எண்ணெயும் சால்டர் பசையின் எச்சமும் ஒரு குறுக்கு வழியைத் திறந்துவிடும். அதனால் இந்த இணைப்புகளைப் பலகையின் மேல் வைக்காமல் டெஃப்லான் தூண்களின் மேலோ காற்றிலோ இணைப்பது வழக்கம். வேலை முடிந்ததும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் நன்றாகத் துடைத்து முழுதாக உலர விடுங்கள். கேப்சூலின் அருகே அந்தத் திரவம் போகக்கூடாது.

சிறு எலெக்ட்ரெட்டில் சால்டர் செய்யும்போது வேகம் தேவை. கேப்சூலை ஒரு கனமான உலோகத் துண்டில் துளையிட்டு உட்கார வைத்தால் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். திட்டில் முன்கூட்டியே சால்டர் பூசி, கம்பியிலும் பூசி, ஒரே தொடுதலில் இணையுங்கள். கை பழகவில்லையென்றால் கம்பி இணைத்தே விற்கப்படுவதை வாங்குவதில் எந்த வெட்கமும் இல்லை.

ஜெஃபெட் வாங்கும்போதும் விழிப்பு வேண்டும். 2எஸ்கே170 போன்ற புகழ்பெற்ற வகைகளின் தயாரிப்பு நின்றுவிட்டதால் அவற்றின் பெயர் அச்சிட்ட போலிகள் ஏராளம். வால்வு மைக்குகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்; அவற்றில் நூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும். யூ47-இன் விஎஃப்14 வால்வு புதிதாகக் கிடைப்பதே இல்லை.

அடுத்தவர் வடிவமைப்பு: எதை எடுக்கலாம்?

நகலெடுப்பது திருட்டு என்று ஒரு கூட்டம், இணையத்தில் கிடைப்பதெல்லாம் பொதுச் சொத்து என்று இன்னொரு கூட்டம். இரண்டும் சோம்பேறித்தனம். ஒரு மைக்கின் மேல் பல வகை உரிமைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு.

கண்டுபிடிப்புக்கான காப்புரிமை, உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகளில் விண்ணப்பித்த நாளிலிருந்து குறைந்தது 20 ஆண்டு நீடிக்கும். 1950களிலும் 60களிலும் வந்த மைக்குகளின் காப்புரிமைகள் எப்போதோ காலாவதியாகிவிட்டன. அந்தச் சுற்றுகளையும் கேப்சூல் தத்துவங்களையும் பயன்படுத்தக் காப்புரிமை தடையில்லை. நேற்று வந்த மைக்குக்கு இந்த வாதம் செல்லாது. தேடிப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

பதிப்புரிமை வேறு கதை. நிறுவனம் வரைந்த சுற்றுப்படத்தின் பக்கத்தை அப்படியே நகலெடுத்து வெளியிடுவது பதிப்புரிமைச் சிக்கல். அந்தச் சுற்று எப்படி இயங்குகிறது என்ற கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. படத்தைப் பார்த்துப் பொருளைச் செய்வது? 1999-ல் இங்கிலாந்தில், மேக்கி என்ற ஒலிக்கருவி நிறுவனம் இன்னொரு ஒலிக்கருவி நிறுவனமான பெரிங்கர் மீது தொடுத்த வழக்கில், சுற்றுப்படம் ஒரு வடிவமைப்பு ஆவணம், அதன்படி சுற்றுப்பலகை செய்வது படத்தின் பதிப்புரிமையை மீறியதாகாது என்று நீதிமன்றம் சொன்னது. அது அந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பிரிவை வைத்து வந்த தீர்ப்பு. உங்கள் நாட்டில் விற்பனைக்கு இறங்குமுன் வழக்கறிஞர் ஒருவரிடம் கேளுங்கள். வீட்டில் ஒன்று செய்து பாடுவதற்கு இந்தக் கவலை பெரும்பாலும் தேவைப்படாது.

வெளித்தோற்றத்தில் ஆட்டம் மாறுகிறது. 2005-ல் ரோலண்டு நிறுவனம், தன் ‘பாஸ்’ (Boss) கிட்டார் பெடல்களின் தோற்றத்தை எடுத்துக்கொண்டதாகப் பெரிங்கர் மீதே வழக்குத் தொடுத்தது. உள்ளே இருந்த சுற்றைப் பற்றியதல்ல சண்டை. வண்ணம், குமிழ்கள், பார்த்ததும் நினைவுக்கு வரும் அந்தச் சாயல். அது சமரசத்தில் முடிந்தது. பதிவு செய்த வடிவமைப்புக்குக் குறைந்தது பத்தாண்டு பாதுகாப்பு உண்டு. வணிகக் குறியையோ புதுப்பித்துக்கொண்டே போகலாம், முடிவே கிடையாது. ஆகவே அறுபது ஆண்டு பழைய நியூமன் மைக்கின் சுற்றைத் தாராளமாக எடுங்கள். அதன் வைர வடிவச் சின்னத்தையும் பெயரையும் மட்டும் தொடாதீர்கள். ‘யூ87 பாணிச் சுற்று’ என்று விவரிக்கலாம். உடலில் யூ87 என்று பொறித்தால் நீங்கள் நகலெடுப்பவர் அல்லர், போலி செய்பவர்.

சட்டத்தோடு மட்டும் முடியாத ஓர் அடுக்கும் உண்டு. ஆர்வலர்கள் தாமே வரைந்து இலவசமாகத் தந்த சுற்றுப்பலகைக் கோப்புகள். இவற்றின் மேல் பெரும்பாலும் ஓர் உரிமம் இருக்கும்: சில ‘சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்’, சில வணிகத்துக்குத் தடை, சில செர்ன் (ஐரோப்பிய அணு ஆய்வு மையம்) வெளியிட்ட திறந்த வன்பொருள் உரிமம். அதை வாசித்துவிட்டுப் பலகை அடிக்கக் கொடுங்கள். பத்துப் பலகை அச்சிட்டு ஒன்பதை விற்க நினைத்தால், வரைந்தவருக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பெரிய நிறுவனத்தின் ஐம்பதாண்டு பழைய சுற்றை எடுப்பதைவிட, தனி ஒருவர் போன வாரம் இலவசமாகத் தந்ததைக் கேட்காமல் விற்பதுதான் எனக்கு அசிங்கமாகப் படுகிறது. முன்னது பல நாடுகளில் சட்டப்படி சரி, பின்னது சில நேரம் சட்டத்தில் சிக்காது. ஆனாலும் அப்படித்தான் படுகிறது.

போலியைப் பிடித்தல்

பழைய மைக்கை வாங்கிக் கேப்சூல் எடுக்கலாம் என்று எண்ணுபவர்கள் போலிகளில் மாட்டிக்கொள்வார்கள். உலகிலேயே அதிகம் போலியாக்கப்படும் மைக்குகளில் எஸ்எம்58 ஒன்று. சமையலறைத் தராசு போதும்: அசல், கம்பி இல்லாமல், 298 கிராம். போலிகள் பல இதைவிட இலேசானவை. தலையைக் கழற்றிப் பார்த்து, கேப்சூல் அதிர்வு தாங்கியில் மெத்தென்று அசைகிறதா என்று பாருங்கள். எடையைச் சரிக்கட்டக் கைப்பிடிக்குள் இரும்பு வைப்பவர்களும் உண்டு. ஆகவே ஒரே சோதனையை நம்பாதீர்கள்.

கேட்டுப் பார்க்கும் படி

மைக் இயங்கத் தொடங்கியதும் பாட்டைப் பதியாதீர்கள். முதலில் மௌனத்தைப் பதியுங்கள். மைக்கைத் துணிகள் நிறைந்த மூடிய பெட்டிக்குள் வைத்து, இரவில் சில நிமிடங்கள் பதிந்து, ஒலியளவை நன்றாகக் கூட்டிக் கேளுங்கள். சீரான ‘ஸ்ஸ்’ இயல்பு. இடையிடையே வெடிப்பு, குமிழி உடைவது போன்ற சத்தம் வந்தால் ஈரமோ தூசியோ சால்டர் எச்சமோ இருக்கிறது. குளிர்ந்த இடத்திலிருந்து வெதுவெதுப்பான அறைக்கு வந்த மைக் சிறிது நேரம் இப்படிப் பேசுவதுண்டு. அரை நாள் விட்டு மீண்டும் கேளுங்கள்.

அடுத்து, ஒருதிசை மைக்கின் முன்னால் நின்று எண்களைச் சொல்லிக்கொண்டே மைக்கை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். பின்புறம் வரும்போது குரல் நன்றாகத் தாழ வேண்டும். தாழவில்லையென்றால் பின்புறத் துளைகளை ஏதோ அடைத்திருக்கிறது, அல்லது இரட்டைச் சவ்வில் பின்பக்கக் கம்பி தவறான இடத்தில் இருக்கிறது. எட்டு வடிவ நிலை (முன்னும் பின்னும் மட்டும் கேட்கும் நிலை) இருந்தால் இரு பக்கவாட்டிலும் குரல் ஏறக்குறைய மறைந்துபோகும். மறையாவிட்டால் இரண்டு பக்கங்களின் உணர்திறனும் ஒத்துப்போகவில்லை.

கடைசியாக, உங்களுக்கு நன்கு பழகிய ஒரு மைக்கை அருகருகே வைத்து, ஒரே குரலை, ஒரே தொலைவில், ஒரே நேரத்தில் பதியுங்கள். இரண்டையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள். ஒரு டெசிபெல் உரக்கமாக இருப்பது எப்போதும் நல்லதாகவே தோன்றும். ‘ஸ’வில் ஊசி தெரிந்தால் கேப்சூலைக் குறை சொல்லுமுன், சுற்றில் இறக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று படத்தைத் திரும்பப் பாருங்கள். வலைக்கூண்டைக் கழற்றிவிட்டு ஒருமுறை கேளுங்கள். கூண்டுக்குள் எதிரொலிக்கும் ஒலியும் குணத்தை மாற்றும். அதே கேப்சூல் வேறு கூண்டில் வேறு மைக்.

மூடுவதற்கு முன் ஒரு சிறு சீட்டு எழுதி உள்ளே ஒட்டிவிடுங்கள்: கேப்சூலின் வகை, வாங்கிய தொகுதி, அதற்குத் தரும் மின்னழுத்தம், எந்தச் சுற்றின்படி செய்தது, அதில் எந்த மின்தடையை அல்லது மின்தேக்கியை மாற்றினீர்கள், பலகைக் கோப்பு யாருடையது. சீட்டு ஜிகாஓம் மின்தடையைத் தொடாத இடத்தில் இருக்கட்டும். காகிதமும் ஈரம் குடிக்கும்.